பீச் ரோடு, ஐந்தாவது மாடி

சிங்கப்பூரில் பீச் ரோட்டின் ஓரம்வரை ஒரு காலத்தில் கடல் இருந்தது. மண்ணைக் கொட்டிக் கொட்டி அதை வெகுதூரம் தள்ளிவிட்டார்கள். 1960-களில் 580 சதுர கிலோமீட்டர் அளவில் இருந்த நாடு இன்று 730-ஐத் தாண்டிவிட்டது. பீச் ரோட்டுக்குக் கடல்பக்கமாக நாம் நடக்கிற இடமெல்லாம் அப்படி வந்த நிலம்தான். அந்தச் சாலையில் 1970-களில் எழுந்த இரண்டு கட்டடங்கள் ஒட்டினாற்போல நிற்கின்றன. ஒன்று கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ். வில்லியம் லிம், டே கெங் சூன், கான் எங் ஊன் ஆகியோரின் வடிவமைப்பு. படிப்படியாகச் சரிந்து இறங்கும் பால்கனிகளைப் படம்பிடிக்கக் கட்டடக்கலை மாணவர்கள் தேடி வருவார்கள். பக்கத்திலிருக்கும் கோல்டன் மைல் டவரை அப்படி யாரும் நின்று பார்த்து நான் கண்டதில்லை. கீழே கடைகள், மேலே அலுவலகங்கள், இடையில் வண்டி நிறுத்துமிடம். ஆனாலும் எனக்குப் பிரியமானது இந்த இரண்டாவது கட்டடம்தான். அதன் ஐந்தாவது மாடியில்தான் ‘தி புரொஜெக்டர்’ திரையரங்கு இருந்தது.

1973-இல் அங்கே கோல்டன் தியேட்டர் என்ற பெரிய திரையரங்கு திறக்கப்பட்டது. தன் காலத்தில் நாட்டிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. பிறகு பல திரைகள் கொண்ட பேரங்காடித் தியேட்டர்கள் வந்தன, கூட்டம் அங்கே போனது, பழைய அரங்கைப் பிரித்தார்கள், அதிலும் பாதி சும்மா கிடந்தது. 2014-இல் கேரன் டானும் கூட்டாளிகளும் அந்த அரங்குகளில் இரண்டை எடுத்து, ‘தி புரொஜெக்டர்’ என்ற பெயரில் மறுபடி படம் ஓட்ட ஆரம்பித்தார்கள். அவர்கள் செய்த மிக நல்ல காரியம், எதையும் அதிகம் மாற்றாமல் விட்டதுதான். கிரீன் ரூம் என்ற அரங்கில் பழைய தியேட்டரின் மடக்கு நாற்காலிகளே இருந்தன. உட்கார்ந்தால் முனகும், எழுந்தால் ‘டப்’பென்று மடங்கும். ரெட்ரம் என்ற இன்னொரு அரங்கில் முன்வரிசைக்குப் பதில் தரையில் பீன்பேக் மெத்தைகள் கிடக்கும். இளையவர்கள் ஓடிப்போய் அவற்றில் விழுவார்கள். நான் எப்போதும் கிரீன் ரூமின் மேல்படிகளில், ஓரத்து நாற்காலிக்குத்தான் போவேன். செங்குத்தாக ஏறும் படிகள். முன்னால் எவ்வளவு உயரமான ஆள் உட்கார்ந்தாலும் தலை மறைக்காது.

லிஃப்டை விட்டு இறங்கியதும் டிக்கெட் கவுன்ட்டரையும் பாரையும் சேர்த்தே பார்க்கலாம். வெள்ளிக்கிழமை இரவென்றால் அலுவலகத்திலிருந்து நேராக வந்தவர்கள் பையைத் தோளில் மாட்டியபடியே வரிசையில் நிற்பார்கள். சிலர் படத்துக்கு, சிலர் சும்மா குடிக்க, சிலர் இரண்டுக்கும். பாரில் வாங்கிய கோப்பையை அப்படியே அரங்குக்குள் எடுத்துப்போகலாம். இதைச் சொன்னால் இன்று யாரும் ஆச்சரியப்படமாட்டார்கள். உலகத்தில் இப்படி எத்தனையோ தியேட்டர்கள் உண்டு. ஆனால் நான் அங்கே முதலில் போன மாலையில், தமிழ்நாட்டின் ஒரு நடுத்தர ஊரிலிருந்து வேலைக்கு வந்த பெண்ணாக, கையில் டிக்கெட்டோடு அந்த பாரின் முன்னால் நின்றது சின்ன விஷயமாக இருக்கவில்லை.

எங்கள் ஊரில் குடியும் சினிமாவும் ஆண்களுக்குப் பக்கத்துப் பக்கத்து வாசல்கள். 2003-இலிருந்து சில்லறை மது விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில். கடையை ஒட்டி ஒரு பார், பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர் பாக்கெட், ஊறுகாய். பத்து நிமிடத்தில் ஊற்றிக்கொண்டு இரண்டாவது ஆட்டத்துக்கு வந்து உட்காருவார்கள். அந்த வாடை அடிக்கிற வரிசையில் நானும் அம்மாவும் நாற்காலி மாறி உட்கார்ந்திருக்கிறோம். மது என்பது எனக்குத் தெரிந்தவரை சத்தமும் பயமும்தான். தெருவில் விழுந்து கிடப்பதும், வீட்டில் பாத்திரம் பறப்பதும். அந்த நினைவு பொய்யல்ல. இப்போதும் ஊருக்குப் போகும்போது அதே காட்சிகளைப் பார்க்கிறேன். அதனால்தான் ஐந்தாவது மாடியில், தனியாக வந்த ஒரு நடுவயதுப் பெண்மணி ஒரு கோப்பை ஒயினைக் கையில் வைத்துக்கொண்டு சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரை நிதானமாகப் படித்துக்கொண்டிருந்ததும், அவரை யாருமே கவனிக்காததும் எனக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது. நான் வெகுநேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நானும் ஒரு கோப்பை வாங்கினேன்.

படத்தோடு குடிக்க எது ஏற்றது என்பதில் எனக்கு மெல்ல ஒரு தீர்மானமே வந்துவிட்டது. ஜின்னும் டானிக்கும் கலந்தால் அரைமணி நேரத்தில் நுரை அடங்கி, இனித்த தண்ணீராகிவிடும். பீர் சூடாகும். பால் ஆடை மிதக்கும் வெள்ளை ரஷ்யன் ‘தி பிக் லெபோவ்ஸ்கி’ நாயகன் படம் நெடுகக் குடிப்பது. அதைக் குடித்தால் எனக்குத் தூக்கம்தான் வரும். சரியானது நெக்ரோனி. ஜின், கம்பாரி, இனிப்பு வெர்மூத், மூன்றும் சம அளவு. குலுக்க வேண்டாம், ஐஸ் போட்டுக் கிளறினால் போதும். கடைசியில் ஒரு துண்டு ஆரஞ்சுத் தோல். முதல் மடக்கு கசக்கும், வேப்பங்கொழுந்து மென்ற மாதிரி. அந்தக் கசப்பு படத்தின் முதல் அரைமணிக்குப் போதும், ஏனென்றால் வேகமாகக் குடிக்கவே முடியாது. பிறகு ஐஸ் கரையக் கரையக் கசப்பு தணிந்து, ஆரஞ்சு மணம் மேலே வரும். முக்கால் படத்தில் அது வேறு பானமாகியிருக்கும். ஒரே கோப்பை இரண்டு மணி நேரம் வரும். ஒன்று கவனிக்க வேண்டும்: அமைதியான காட்சியில் கோப்பையை ஆட்டினால் ஐஸ் சத்தம் மூன்று வரிசைக்குக் கேட்கும். அங்கே வந்தவர்கள் இதைச் சொல்லாமலே தெரிந்து வைத்திருந்தார்கள். துப்பாக்கி சுடும்போதோ ரயில் போகும்போதோதான் கை கோப்பைக்குப் போகும்.

என்னென்ன படங்கள்! புதிதாக வந்த ஐரோப்பிய, ஜப்பானியப் படங்கள். பழைய படங்களின் மறுவெளியீடுகள். ‘ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ’ போட்டால் ஆட்கள் வேஷம் கட்டிக்கொண்டு வந்து திரையோடு சேர்ந்து கத்துவார்கள். இருபத்தொரு வயதுக்கு மேற்பட்டோர் மட்டுமே பார்க்கலாம் என்ற சான்றிதழ் பெற்ற படங்களும் ஓடும். சிங்கப்பூர்க் குறும்படக்காரர்கள் தங்கள் படத்தைப் பெரிய திரையில் காட்ட ஓர் இடமிருந்ததென்றால் அது இதுதான். தமிழ்ப் படத்துக்கு நான் மெக்கன்சி ரோட்டு ரெக்ஸுக்குப் போவேன். விசிலும் கைதட்டலும் இல்லாமல் ரஜினி படம் பார்க்க எனக்குத் தெரியாது. இரண்டு தியேட்டரும் எனக்கு வேண்டியிருந்தது.

ஆனால் நான் இத்தனையும் எழுத நினைத்தது படம் முடிந்தபின் நடப்பதைச் சொல்லத்தான். இந்த ஊரின் மற்ற தியேட்டர்களில் படம் முடிந்து பெயர்கள் ஓடும்போதே விளக்கு எரியும், துடைப்பத்தோடு ஊழியர் உள்ளே வந்து நிற்பார், நம்மைப் பின்கதவு வழியாக ஒரு சிமென்ட் படிக்கட்டில் விட்டு, வண்டி நிறுத்துமிடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். அழுத கண்ணோடு எஸ்கலேட்டரில் நிற்க வேண்டியதுதான். புரொஜெக்டரிலோ வந்த வழியாகவே வெளியே வர வேண்டும். வந்தால் எதிரே பார். அங்கே நின்றுவிடுவோம். யாரோ ஒருவர் “கடைசியில் அவள் எதற்காகத் திரும்பினாள்?” என்று தன் தோழனிடம் கேட்பார், பக்கத்தில் நிற்கிற முன்பின் தெரியாத ஆள் பதில் சொல்வார், அதை மறுக்க மூன்றாவது ஆள் வருவார். சிங்கப்பூரில் அந்நியரோடு பேசுவது எளிதில் நடக்காது. அடுக்குமாடி வீட்டின் லிஃப்டில் ஆண்டுக்கணக்காகச் சேர்ந்து போகிறவர்களே எண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அந்த ஊரில், ஒரே படத்தைப் பார்த்துவிட்டு வந்தோம் என்ற ஒரே காரணத்துக்காக நாற்பது பேர் ஒருவரோடொருவர் பேசினார்கள். கையிலிருந்த கோப்பைக்கு அதில் பங்கு உண்டு. போதையால் அல்ல. கோப்பை காலியாகும்வரை நிற்க அது ஒரு சாக்கு.

அந்த பார்தான் தியேட்டரைத் தாங்கியது என்பதும் உண்மை. பொதுவாகத் திரையரங்குகளில் டிக்கெட் பணத்தில் ஒரு பெரிய பங்கு படத்தை விநியோகிப்பவருக்குப் போய்விடும். தின்பண்டத்திலும் பானத்திலும் வருவதுதான் அரங்குக்காரர் கையில் நிற்கும். நாற்பது பேர் மட்டுமே பார்க்க வருகிற ஓர் ஈரானியப் படத்தை ஓட்ட வேண்டுமென்றால் அந்த நாற்பது பேரும் ஆளுக்கொரு கோப்பை வாங்க வேண்டும். நான் வாங்கிய ஒவ்வொரு நெக்ரோனியும் யாரும் போடாத ஏதோ ஒரு படத்துக்கான வெள்ளி என்று நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பு எனக்கு நிறைவாக இருந்தது.

அங்கே கழித்த இரவுகளில் ஒன்று மட்டும் தனியாக நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் வகுப்பு ஒன்றுக்குப் போய்வருவேன். அங்கே பழக்கமானவர் சிவகங்கைப் பக்கத்துத் தம்பி ஒருவர்; கட்டுமான வேலை, துவாஸில் தங்குவிடுதி. நிறையப் படம் பார்ப்பவர், படத்தைப் பற்றிப் பேசத் தெரிந்தவர். இயோ சியூ ஹுவாவின் ‘எ லேண்ட் இமேஜின்ட்’ வந்தபோது அவரைக் கூட்டிப்போக வேண்டுமென்று தோன்றியது. 2018-இல் லோகார்னோ விழாவில் தங்கச் சிறுத்தை விருது வாங்கிய படம். சிங்கப்பூர்ப் படம் ஒன்றுக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல்முறை. கடலைத் தூர்த்து நிலமாக்கும் இடத்தில் வேலை பார்க்கும் சீனத் தொழிலாளி வாங் காணாமல் போகிறான். அவனுக்கு வங்கதேசத்திலிருந்து வந்த ஒரு நண்பன். தேடி வருகிறார் லோக் என்ற போலீஸ்காரர். வாங், லோக் இருவருக்குமே இரவில் தூக்கமில்லை.

நாங்கள் லிட்டில் இந்தியாவின் தேக்காவிலிருந்து நடந்தே வந்தோம். வழியெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். 2013 டிசம்பர் 8 அன்று அதே பகுதியின் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் பேருந்து மோதித் தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் இறந்ததும் கலவரம் மூண்டதும் சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு மறக்காது. அதற்குப் பிறகு 2015-இல் வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் நாடு முழுவதும் இரவு பத்தரைக்கு மேல் பொது இடத்தில் குடிப்பதைத் தடுத்தது. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் வாரக் கடைசியில் இன்னும் கடுமை. புல்வெளியில் நண்பர்களோடு உட்கார்ந்து ஒரு பீரைப் பகிர்ந்துகொள்வது என்பது தம்பி போன்றவர்களுக்கு அதோடு போனது. தங்குவிடுதியில் ஓர் அறையில் பன்னிரண்டு பேர். வேறு எங்கே போவார்கள்?

அன்று தம்பி வந்தது சலவை செய்த சட்டை, சீவிய தலையோடு. லிஃப்ட் திறந்ததும் பாரைப் பார்த்து நின்றுவிட்டார்.

“இங்க குடிக்கலாமாக்கா? போலீஸ் ஒண்ணும் கேக்காதா?”

“இவங்களுக்கு லைசென்ஸ் இருக்கு தம்பி. உள்ள உக்காந்தும் குடிக்கலாம்.”

“சரிக்கா. எனக்கு லைம் ஜூஸ் போதும். நாளைக்கு அஞ்சு மணிக்கு லாரி.”

தேக்காவுக்கும் அந்த பாருக்கும் நடந்தால் அரைமணிதான். ஒரே நகரம், ஒரே ஞாயிற்றுக்கிழமை. கூரையும் உரிமமும் இருக்கும் இடத்துக்குள் கோப்பையைக் கையில் பிடித்தால் கலாரசனை, அதே ஆள் அதையே மரத்தடியில் பிடித்தால் சட்டமீறல். சட்டம் வந்த காரணம் எனக்குப் புரிகிறது. கலவரத்தை விசாரித்த குழுவே மதுவும் ஒரு காரணம் என்றது. ஆனாலும் அந்த வித்தியாசம் அன்றைக்கு எனக்குத் தொண்டையில் நின்றது. இன்னும் நிற்கிறது. எனக்கு அவ்வளவு சுதந்திரம் தந்த இடத்துக்குள் நுழைய, அவருக்கு முதலில் போலீஸ் நினைவு வந்தது.

படம் முழுக்க அவர் அசையவில்லை. அடிபட்ட கையோடு வாங் லாரி ஓட்டுகிற காட்சிகளில் மட்டும் முன்னால் சாய்ந்து பார்த்தார். முடிந்து வெளியே வந்தபோது வழக்கம்போலக் கூட்டம் நின்றது. நாங்கள் தமிழில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு ஒரு முதிய சீனர் அருகே வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர் போன்ற தோற்றம். “நீங்கள் அந்த வேலை செய்கிறவரா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். தம்பி என்னைப் பார்த்தார், பிறகு தானே “யெஸ் சார், கன்ஸ்ட்ரக்‌ஷன்” என்றார். லாரியின் பின்னால் உட்கார்ந்து போவது எப்படியிருக்கும் என்று அவர் கேட்டார். தம்பிக்கு ஆங்கிலம் போதவில்லை. தமிழில் சொன்னார், நான் மொழிபெயர்த்தேன். விடியலில் எல்லோரும் முழங்காலைக் கட்டிக்கொண்டு தூங்குவார்கள். நடுவில் உட்கார்ந்தவனுக்குச் சாய இடமில்லை, எதிரே இருப்பவன் முதுகில் தலையை வைப்பான். மழை வந்தால் தார்ப்பாயை இழுத்துவிடுவார்கள், உள்ளே மூச்சு முட்டும், ஆனாலும் சட்டை நனையாமல் இருக்க அதைச் சகித்துக்கொள்வார்கள். நனைந்த சட்டையோடு வெயில் வரும்வரை வேலை பார்ப்பது அதைவிடக் கஷ்டம்.

இதற்குள் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றிருந்தார்கள். ஒரு பெண் படத்தில் அது சரியாக வந்திருக்கிறதா என்று கேட்டாள். தம்பி யோசித்துவிட்டு, “படத்துல ராத்திரி ரொம்ப அழகா இருக்கு. எங்களுக்கு ராத்திரியில கண்ண மூடினா போதும்னு இருக்கும்” என்றார். நான் மொழிபெயர்த்துச் சொன்னதைக் கேட்டு யாரும் சிரிக்கவோ பரிதாபப்படவோ இல்லை. மேலும் கேட்டார்கள். முதியவர் தம்பிக்கு இன்னொரு லைம் ஜூஸ் வாங்கிக் கொடுத்தார். கடைசி எம்ஆர்டி ரயிலைப் பிடிக்க நாங்கள் ஓடவேண்டியதாயிற்று.

அன்று மட்டும்தான் நேரே ரயிலுக்கு ஓடினோம். மற்ற இரவுகளில் பசித்தால் பக்கத்துக் கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸுக்குப் போவோம். தாய்லாந்துக்காரர்களின் இடமாக இருந்தது அது. ஹாட் யாய் போகும் பேருந்துகள் வாசலிலிருந்து கிளம்பும். நடுவில் இறைச்சி வாட்டி, சுற்றிலும் ரசம் கொதிக்கும் மூகாத்தா சட்டியைச் சுற்றி உட்கார்ந்து, பார்த்த படத்தை மீண்டும் ஒருமுறை பிரித்துப் போடுவோம். 2021-இல் அந்தக் கட்டடத்தைப் பாதுகாக்க வேண்டிய கட்டடமாக அறிவித்தார்கள். சுவர் பிழைத்தது. கடைக்காரர்கள் 2023-இல் காலி செய்துகொண்டு போனார்கள். எனக்குச் சட்டி வைத்துக்கொடுத்த அக்கா எங்கே போனார் என்று தெரியவில்லை.

கொரோனா வந்தது. 2020 மார்ச் கடைசியில் தியேட்டர்களை மூடினார்கள். ஜூலையில் திறந்தபோது அரங்குக்கு ஐம்பது பேர்தான், இடைவெளி விட்டு நாற்காலிகளைக் கட்டிப்போட்டிருந்தார்கள், இரவு பத்தரைக்கு மேல் மதுவும் கிடையாது. படம் முடிந்து நிற்கக்கூடாது என்பதுதான் மிகவும் வலித்தது. முகக்கவசத்தோடு நேராக லிஃப்டுக்குப் போனோம். பிறகு கட்டுப்பாடுகள் போயின. புரொஜெக்டர்காரர்கள் வேறு இடங்களிலும் கிளை திறந்து பார்த்தார்கள். பார்வையாளர்களில் ஒரு பகுதி வீட்டுத் திரையிலிருந்து எழுந்து வரவேயில்லை. செலவு ஏறியது. 2025 ஆகஸ்ட் 19 அன்று உடனடியாக மூடுவதாக அறிவித்தார்கள். ஏறிவிட்ட செலவு, மாறிவிட்ட பார்வையாளர் பழக்கம் என்று அவர்கள் சொன்ன காரணங்களில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அடுத்த மாதமே இந்த ஊரில் தலைமுறைகளாகப் பேர் பெற்ற கேத்தே நிறுவனத்தின் திரையரங்குகளும் மூடப்பட்டன.

புரொஜெக்டர் மூடப்படும் செய்தியைப் பார்த்தவுடன் நான் தம்பிக்கு அனுப்பினேன். அவர் ஊருக்குத் திரும்பிவிட்டார். சிவகங்கையில் சொந்தமாக வண்டி ஓட்டுகிறார், கல்யாணமாகிக் குழந்தை இருக்கிறது. உடனே கூப்பிட்டார்.

“அந்த லைம் ஜூஸ் தாத்தா நல்லா இருக்காராக்கா?”

“தெரியலையே தம்பி. அதுக்கப்புறம் ஒருதரம் பார்த்தேன், அவ்வளவுதான்.”

“அந்தப் படத்துல, வாங் கனவுலதான் போலீஸ்காரர் வர்றாருன்னு நீங்க சொன்னீங்கல்ல, நான் அப்பவே ஒத்துக்கல. இப்பவும் ஒத்துக்கமாட்டேன். போலீஸ்காரர் கனவுதான் வாங்.”

நான் மறுத்தேன். தூங்காமல் கம்ப்யூட்டர் மையத்தில் உட்கார்ந்திருப்பவன் வாங்தான் என்றேன். அப்படியானால் போலீஸ்காரருக்கும் தூக்கமில்லையே, அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்றார். அவர் மனைவி சாப்பிடக் கூப்பிடுகிற குரல் இரண்டுமுறை கேட்டது. “இருடி, வர்றேன்” என்று சொல்லிவிட்டு, காணாமல் போனவன் தன்னைத் தேடுகிறவரைக் கனவு காண முடியாது, தேடுகிறவர்தான் அவனைக் கனவு காண வேண்டும் என்று தன் வாதத்தை முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.